இலக்கிலிருந்து குழலுக்கு

"அங்கிள், எத்தனை இஞ்ச் பேரல் போடலாம்? இருபத்தாறா, இருபதா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் உள்ளே வந்தாள். நண்பரின் மகள். குளுவாங்கில் வேலை, சனிக்கிழமைகளில் எங்களோடு சுட வருவாள். கிளப்பின் பழைய பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்குக் குழல் தேய்ந்துவிட்டது. புதுக் குழலைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் குழு எங்கள் இருவரிடமும் விட்டிருந்தது. நான் மேசை மேலிருந்த 50 மீட்டர் இலக்குத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். "நீளத்தைக் கடைசியில் பார்க்கலாம்மா. முதலில் இதைப் படி" என்றேன்.

குழல் தேடுகிறவர்களில் பாதிப் பேர் தலைகீழாகத் தேடுகிறார்கள். நீளம், கனம், பளபளப்பு, செய்தவர் பெயர் என்று தொடங்கி, பிறகு தோட்டாவுக்கு வந்து, எதைச் சுடப்போகிறோம் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். வர வேண்டிய வழி அதற்கு எதிர்த்திசை. எதைச் சுடுகிறோம் என்பது தூரத்தைச் சொல்லிவிடும். தூரம் குண்டைச் சொல்லும். குண்டு தெரிந்த பிறகுதான் குழலைப் பற்றிப் பேச முடியும்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு படி இருக்கிறது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும், துப்பாக்கியின் எந்த உறுப்பும் அடங்கும். விசையும் பூட்டும் இல்லாமல் துணியில் சுற்றி வைத்த வெறும் குழலும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. இணையக் கடையில் நல்ல விலைக்குப் பார்த்தேன், தபாலில் வரவழைக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு நண்பரிடம் சும்மா கிடக்கிறது, காரில் எடுத்து வரலாமா என்று கேட்டவரும் உண்டு. கூடவே கூடாது. பாலாய்க்கு, அதாவது காவல் நிலையத்துக்குப் போய் உரிமப் பிரிவில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் வர வேண்டும். பழைய குழலைக் கழற்றிய பிறகு அதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். நாங்கள் இந்தக் காகித வேலையை முடித்துவிட்டுத்தான் அளவுகோலைக் கையில் எடுத்தோம்.

இனித் தாளுக்கு வருவோம். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து என்ற வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சுடுகிற குண்டு 5.6 மில்லிமீட்டர். குண்டுத் துளையின் ஓரம் வட்டக்கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும். எனவே துளைகளின் மையங்கள் எல்லாம் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் விழுந்தால் அத்தனையும் பத்து. 50 மீட்டருக்கு அப்பால், அவ்வளவுதான் இடம். குழலிடமிருந்து நமக்கு வேண்டியது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது: சுடுபவரின் கைநடுக்கத்துக்கும் காற்றுக்கும் அந்த 16 மில்லிமீட்டரில் பங்கு வைத்துவிட்டு, மீதி இடத்துக்குள் குழல் தன் வேலையை முடிக்க வேண்டும்.

இதே கணக்கை மற்ற இலக்குகளுக்கும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 10 மீட்டர் காற்று ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈயச் சில்லு. ஆக 5 மில்லிமீட்டர் வட்டம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் புள்ளியில்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சூர்யானி தாய்பி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டதும் இதே புள்ளியைத்தான். இங்கே சில்லு நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகிறது. மெதுவான சில்லு குழலுக்குள் சில மில்லிவிநாடி தங்குகிறது, அந்த நேரத்துக்குள் தோள் அசைந்தால் அசைவும் சில்லோடு சேர்ந்து போய்விடும். எனவே போட்டிக் காற்று ரைஃபிள்களில் உண்மையான குழல் 42 சென்டிமீட்டர் அளவில் குட்டையாக இருக்கும், அதன் மேல் நீளமான உறை மாட்டி முன்குறியைத் தள்ளி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உறையைக் குழல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்துப் பக்கம் போனால் கதையே வேறு. ஜொகூரின் செம்பனை, ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி என்றால் ‘செனாப்பாங்’, அதாவது நடுவில் மடிக்கும் ஷாட்கன். அதன் குழலின் உள்ளே திருகிச் செல்லும் பள்ளங்கள் இல்லை, வழவழவென்று இருக்கும். அதில் பார்க்க வேண்டியது வாயருகே குழல் எவ்வளவு குறுகுகிறது என்பதை. அதற்குப் பெயர் சோக். 40 கஜத் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு சன்னங்கள் விழுகின்றன என்று எண்ணுவார்கள்: குறுகலே இல்லாத குழலில் சுமார் 40, நடுத்தரக் குறுகலில் 60, முழுக் குறுகலில் 70. பயிரை அழிக்கும் பன்றிக்குக் கிட்டத்தில் காவல் இருப்பவருக்கும், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போல டிராப் போட்டியில் விலகிப் பறக்கும் களிமண் தட்டைத் துரத்துபவருக்கும் ஒரே குழல் பொருந்தாது. தட்டு சுடுபவர்களுக்கு 30, 32 அங்குலமும் இறுக்கமான சோக்கும் வேண்டும், நீளம் வீச்சை நிதானமாக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: காட்டுப்பன்றியாக இருந்தாலும் துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமும் வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது 50 மீட்டர். அதற்குக் குண்டு முன்பே முடிவாகியிருக்கிறது: பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள், 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் ஈயம். அடுத்த படி, அந்தக் குண்டுக்கு எத்தனை திருகு வேண்டும் என்பது.

குழலின் உட்சுவரில் திருகிக்கொண்டு ஓடும் பள்ளங்களை நான் சால் என்றும், சாலுக்கும் சாலுக்கும் நடுவில் நிற்கும் மேட்டை வரப்பு என்றும் சொல்லிக்கொடுப்பேன். உழவு வீட்டுச் சொற்கள்தான், இவற்றைவிடப் பொருத்தமானவை எனக்குக் கிடைக்கவில்லை. வரப்பு குண்டைப் பிடித்துச் சுழற்றுகிறது. பம்பரம் சுற்றும்போது நிமிர்ந்து நிற்பதைப் போலக் குண்டும் சுழலும்போதுதான் மூக்கை முன்னால் வைத்துப் பறக்கும். சுழற்சி குறைந்தால் தள்ளாடும். இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை போல நீண்ட கிழிசல் தெரிந்தால் குண்டு பக்கவாட்டில் வந்து மோதியிருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு திருகு என்பதற்கு 1879-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் ஒரு எளிய விதி தந்தார். குண்டின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். வருவது, ஒரு முழுச் சுற்றுக்குக் குண்டு குழலில் கடக்க வேண்டிய தூரம். அவளிடம் பென்சிலைக் கொடுத்தேன். விட்டம் 5.7 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 12. போட்டாள்: 406 மில்லிமீட்டர். அங்குலத்தில் 16. உலகெங்கும் பாயிண்ட் டூ டூ குழல்களில் நிலைத்துவிட்ட திருகு அதுதான், 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்கு சரியாக வந்து விழுந்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இதை ஒவ்வொருவரையும் போட வைக்கிறேன்.

இந்த விதியில் கவனிக்க வேண்டியது, எடை எங்கேயும் வரவில்லை, நீளம்தான் வருகிறது. ஒரே விட்டத்தில் கனமான குண்டு என்றால் நீளமான குண்டு, நீளமான குண்டுக்குத் திருகு நெருக்கமாக வேண்டும். பாயிண்ட் டூ டூ த்ரீ குழல்களில் 55 கிரெயின் குண்டுக்கு 12 அங்குலத் திருகே போதும், 77 கிரெயினுக்கு 8 அல்லது 7 வேண்டும். பாயிண்ட் த்ரீ நாட் எயிட்டில் 168 கிரெயின் வரை 12 அங்குலம் தாங்கும், அதற்கு மேல் 10-க்குப் போவார்கள். நெடுந்தூரம் சுடுபவர்கள் காற்றைச் சமாளிக்க நீண்ட குண்டைத் தேடுவதால்தான் அவர்கள் குழலில் திருகு நெருக்கமாக இருக்கிறது. குழல் மேல் பொறித்திருப்பதை நம்பாமல் நாமே அளந்துவிடலாம். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்த பிறகு, கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் விட வேண்டும். கம்பியில் ஓர் அடையாளம் போட்டு, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்வரை தள்ளி, இடைத் தூரத்தை அளந்தால் திருகு தெரிந்துவிடும்.

இப்போதுதான் அவளுடைய முதல் கேள்விக்கு வந்தோம்: நீளம்.

நீளம் என்றதும் எனக்கு இந்த மாநிலத்தின் காடுதான் நினைவுக்கு வரும். 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்தபோது பிரிட்டிஷ், கூர்க்காப் படைகள் கையில் வைத்திருந்தவற்றில் ஒன்று லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் கார்பைன். ‘ஜங்கிள் கார்பைன்’ என்ற பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய நான்காம் எண் ரைஃபிளின் குழல் 25 அங்குலத்துக்குச் சற்று மேல். அதை 19 அங்குலத்துக்குள் குறுக்கி, உலோகத்தை அங்கங்கே செதுக்கி, நான்கு கிலோவுக்கு மேல் இருந்ததை மூன்றேகால் கிலோவுக்குள் கொண்டுவந்தார்கள். பிரம்புக் கொடியும் முள்ளும் பின்னிய காட்டில், சில பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத இடத்தில், நீண்ட குழல் ஒவ்வொரு கிளையிலும் சிக்கும். குறுக்கியதற்கு விலையும் கொடுத்தார்கள். வெடிமருந்து முழுதும் எரிவதற்குள் குண்டு வெளியேறியதால் வாயில் நெருப்பு மலர்ந்தது, அதை மறைக்கக் கூம்பு மாட்டினார்கள். தோளை உதைத்தது, ரப்பர் வைத்தார்கள். குறி நிலையாக நிற்கவில்லை, இன்று சரிசெய்தது நாளை விலகுகிறது என்ற புகாரும் எழுந்தது. 1944-இல் தொடங்கிய தயாரிப்பு 1947-இல் நின்றது. ஆனால் அது செய்யப்பட்ட காட்டு வேலைக்கு, அந்தத் தூரத்துக்கு, அந்தக் குழல் பொருந்தியது. அதே துப்பாக்கியை எங்கள் 50 மீட்டர் தாளுக்கு முன் வைத்தால் பொருந்தாது. ‘நல்ல நீளம்’ என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை அவளுக்கு விளக்க இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் எனக்கு இல்லை.

பாயிண்ட் டூ டூ தோட்டாவில் மருந்து கொஞ்சம்தான். 16 அங்குலத்துக்குள் அது தன் தள்ளலை ஏறக்குறைய முடித்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் வேகம் பெரிதாகக் கூடாது, உராய்வினால் குறையவும் செய்யலாம். வேகம் கூடுவதும் நமக்கு வேண்டியதில்லை. போட்டித் தோட்டாக்கள் நொடிக்கு 330 மீட்டருக்குள் வைத்தே செய்யப்படுகின்றன, ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டு மறுபடி கீழே இறங்கும் குண்டு அந்த எல்லையில் குலுங்கும். இந்த விஷயத்தில் நம் வெயில் கொஞ்சம் துணை: 32 டிகிரியில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகிறது, குளிர்நாட்டில் 340-க்குக் கீழே. எல்லைக்கும் குண்டுக்கும் நடுவில் நமக்கு இடைவெளி அதிகம்.

அடுத்து விறைப்பு. சுடும் கணத்தில் குழல் அதிரும், தட்டிய சாட்டைக் கம்பு போல நுனி ஆடும். குழலின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தடிமனைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நீளத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இருபதா, இருபத்தாறா என்பதற்கு இந்த இடத்தில் இருபது ஜெயிக்கிறது. ஆனால் துளைக்குறியால் பார்த்துச் சுடுபவருக்குப் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடைத்தூரம் நீண்டிருந்தால் பிழை கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும், அங்கே இருபத்தாறு ஜெயிக்கிறது. வழி இருக்கிறது: 20 அங்குலக் கனமான குழல் போட்டு, அதன் வாயில் குண்டைத் தொடாத அகன்ற வெற்றுக் குழாய் ஒன்றை ஆறு அங்குலம் நீட்டி, அதன் நுனியில் முன்குறியை வைப்பது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் நின்று சுடும் துப்பாக்கி என்பதால் முன்பாரம் குறைவதும் எங்களுக்கு முக்கியம். அவளுடைய இரண்டு எண்களும் ஒரே துப்பாக்கியில் இடம்பெற்றன.

உலோகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குரோம்-மாலிப்டினம் எஃகு, துருப்பிடிக்காத எஃகு இரண்டிலும் பத்து போடும் குழல்கள் இருக்கின்றன. ஜொகூரில் நான் துருப்பிடிக்காததையே பரிந்துரைப்பேன். ஆனால் பெயரை நம்பிவிடக் கூடாது. குழலுக்கு எடுக்கும் 416 வகை எஃகில், கடைசல் சுலபமாக வரக் கந்தகம் சேர்த்திருப்பார்கள், அது சமையலறைப் பாத்திரத்து எஃகு அளவுக்கு ஈரம் தாங்காது. இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு நவம்பர் மழைக்காலத்தில் பஞ்சு வைத்த பெட்டிக்குள் துப்பாக்கியைப் பூட்டி ஆறு வாரம் திறக்காமல் விட்டேன். பஞ்சு ஈரத்தைக் குடித்துக் குழலோடு ஒட்டி வைத்திருந்தது. திறந்தபோது வாயருகே ஊசிமுனைக் குழிகள். அந்தக் குழல் அதன் பிறகு பழையபடி சுடவே இல்லை.

இவ்வளவும் முடிவான பிறகு இரண்டு குழல்கள் எங்கள் முன் இருந்தன. ஒன்று புதியது. மற்றொன்று பழையது, விலை பாதி, விற்றவர் குறைவாகச் சுட்டது என்றார். பழையதை முதலில் பார்த்தோம். விளக்கொளியைப் பின்பக்கம் பிடித்து உள்ளே நோக்கியபோது சால்கள் ஒழுங்காகவே தெரிந்தன. அடுத்து வாய். குண்டு குழலை விட்டு வெளியேறும் அந்த விளிம்பைக் கிரவுன் என்பார்கள், குழலிலேயே மிக நுட்பமான இடம் அதுதான். விளிம்பில் ஒரு பக்கம் மயிரிழை சிதைந்தாலும் குண்டுக்குப் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முதலில் கசிந்து குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு, விளிம்பை ஒட்டி மெல்ல வெளியே இழுத்துச் சுற்றிலும் பார்க்கச் சொன்னேன். மூன்று இடத்தில் பஞ்சு இழை மாட்டியது. யாரோ குழலை அறுத்துக் குட்டையாக்கி, விளிம்பைச் சரியாகக் கடையாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு இறுக்கமான துணியைக் கம்பியில் கோத்து ஒரே சீராகத் தள்ளினாள். நடுவில் சட்டென்று தளர்ந்தது, மறுபடி இறுகியது. நல்ல குழலில் துணி ஒரே பிடியாகப் போகும், போட்டிக் குழல்களில் வாயை நெருங்கும்போது கொஞ்சம் இறுகவும் செய்யும். நடுவில் தளர்வது கெட்ட அடையாளம். கிரவுனை மறுபடி கடையலாம், தளர்ந்த இடத்தை ஒன்றும் செய்ய முடியாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

புதியதில் இரண்டு சோதனையும் சுத்தம். உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்துப் பொருத்தியாயிற்று, அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. குழல் முன்கட்டையைத் தொடாமல் நிற்கிறதா என்று மட்டும் நாங்கள் பார்த்தோம். ஒரு காகிதத்தை மடித்து இடையில் விட்டால் தடையில்லாமல் ஓட வேண்டும். ஈரத்தில் மரக்கட்டை உப்பும் ஊரில் இந்த இடைவெளியை மழைக்காலத்திலும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: குழலுக்குப் பிடித்த தோட்டாவைத் தேடுவது. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை, ஆனாலும் ஒவ்வொரு தொகுப்பும் ஒவ்வொரு குழலில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இங்கிலாந்தில் ஈலியும் ஜெர்மனியில் லாப்புவாவும் இதற்கென்றே சோதனைத் தளங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் துப்பாக்கியை அங்கே கொண்டுபோய்ப் பிடிப்பானில் மாட்டி, தொகுப்பு தொகுப்பாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். நமக்கு அது தொலைவு. லாப்பாங் சாசாரில், அதாவது சுடுதளத்தில், காலை எட்டு மணிக்குள், காற்று எழுவதற்கு முன், மணல்பை மேல் வைத்து நாங்களே செய்தோம். நான்கு தொகுப்புகள். தொகுப்பு மாற்றும்போதெல்லாம் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட வேண்டும், முந்தைய தோட்டாவின் மெழுகு போய்ப் புதியதன் மெழுகு உள்ளே படிய. பிறகு பத்துப் பத்தாக மூன்று கூட்டம். மூன்று தோட்டா சுட்டு, துளைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று படம் எடுத்து அனுப்புகிறவர்களின் மகிழ்ச்சியை நான் கெடுப்பதில்லை, ஆனால் மூன்று என்பது தற்செயல். பத்தில்தான் குழல் பேசும்.

முதல் தொகுப்பு 21 மில்லிமீட்டர். இரண்டாவது 18. மூன்றாவதில் ஒன்பது சேர்ந்து விழுந்தன, ஒன்று மட்டும் ஓடிப்போனது. அடுத்த கூட்டத்திலும் அப்படியே ஒன்று ஓடியது. அதை ஒதுக்கினோம். நான்காவது தொகுப்பில் அவள் சுட்ட மூன்று கூட்டங்களும் மையத்துக்கு மையம் 13, 14, 13.

நோட்டைத் திறந்து குழலின் எண், திருகு, பொருத்திய தேதி, தொகுப்பின் எண், அதுவரை சுட்ட மொத்தத் தோட்டா எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்தவள் இலக்குத் தாளை மறுபடி எடுத்து, பதினாறு மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து, பதின்மூன்றை அதன் உள்ளே வரைந்தாள். "மீதி மூணு மில்லிமீட்டர் எனக்கும் காத்துக்குமா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் மறுபடி தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.